பொன்விழா வளைவுக்கு முன் பஜாருக்கு ஒரு வெள்ளத் திட்டம்: எங்கள் வணிகர் சங்க நிர்வாகிகளுக்குத் திறந்த மடல்

தலைவர் அண்ணாச்சிக்கும், செயலாளர், பொருளாளர் அண்ணாச்சிகளுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும்,

சென்ற மாதப் பொதுக்குழுவில் இரண்டு தீர்மானங்கள் வந்தன. பஜார் நுழைவில் பொன்விழா வளைவு கட்டச் சங்கத்தின் வைப்புத்தொகையை எடுப்பது ஒன்று. 2023 டிசம்பரில் வந்ததுபோல மறுபடி வெள்ளம் வந்தால் பஜார் என்ன செய்ய வேண்டும் என்று திட்டம் போட ஒரு குழு அமைப்பது இன்னொன்று. வளைவு கைதட்டலோடு நிறைவேறியது. வெள்ளக் குழுவை "அடுத்த கூட்டத்துல பாத்துக்கிடலாம்" என்று தள்ளி வைத்தீர்கள். அதற்கு முந்தைய பொதுக்குழுவிலும் இதே பதில்தான். "அது நூறு வருசத்துக்கு ஒருக்கா வர்ற வெள்ளம், நம்ம காலத்துல இனி வராது" என்று மேடையிலிருந்து ஒருவர் சொன்னார். நிர்வாகிகள் யாரும் மறுக்கவில்லை. என்னைப் பேச அழைப்பதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது. அன்று சொல்ல நினைத்ததை இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் அந்த நூறு வருஷக் கணக்கு. ஒரு வருஷத்தில் அப்படிப்பட்ட வெள்ளம் வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது என்பதைத்தான் பொறியாளர்கள் அப்படிச் சொல்கிறார்கள். அந்த ஒரு பங்கு வருஷாவருஷம் புதிதாக வரும். போன வருஷம் வந்துவிட்டது என்பதால் இந்த வருஷம் குறையாது. முப்பது வருஷம் கடை நடத்துகிறவர் அதை ஒருமுறையாவது சந்திக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 26. நம் பஜாருக்கு இந்தக் கணக்குகூடத் தேவையில்லை. 1992 நவம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததைப் பார்த்தவர்கள் இன்றும் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் என் அப்பா கடைத் தரையைத் தண்ணீர் நின்ற மட்டத்துக்கு மேல் உயர்த்திக் கட்டினார். 2023 டிசம்பரில் தண்ணீர் அந்தத் தரையைத் தாண்டி, தராசைத் தாண்டி, கல்லாப்பெட்டிக்கு மேலே நின்றது. இரண்டுக்கும் இடையில் 31 வருஷம். ஒரே கடை, ஒரே குடும்பம்.

அந்த டிசம்பர் 17 ஒரு ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் நாள். கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் சேர்த்து எல்லாக் கடையிலும் சரக்கு இறங்கியிருந்தது. நம் பக்கத்துக் கடைகளில் வருஷத்திலேயே அதிகச் சரக்கு இருப்பு இருக்கும் வாரங்கள் அவை, வடகிழக்குப் பருவமழையின் கடைசிக் கட்டமும் அப்போதுதான். இந்த இரண்டும் ஒன்றாக வருவது தற்செயல் இல்லை, ஒவ்வொரு வருஷமும் நடப்பது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ. மழை பெய்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், உள்ளே இருந்த பயணிகளை 19-ஆம் தேதிதான் மீட்டு முடித்தார்கள். ஏரல் பஜாரும் நம்மைப் போலவே மூழ்கியது.

நாமெல்லாம் அன்று ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாபநாசம் அணையில் எவ்வளவு திறக்கிறார்கள், மணிமுத்தாறு அணையில் எவ்வளவு என்றுதான் எல்லா போனிலும் பேச்சு. தண்ணீர் முதலில் வந்தது குளத்துப் பக்கத்திலிருந்து. தாமிரபரணியில் எட்டாவதும் கடைசியுமான அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். அதன் வடகால், தென்கால் பாசனத்தில் வரிசையாகக் குளங்கள் இருக்கின்றன. மலையில் மட்டும் பெய்திருந்தால் ஆறு சொல்லியிருக்கும். சமவெளியிலேயே கொட்டியதால் குளங்கள் நிரம்பிக் கரைகள் உடைந்தன. அப்புறம்தான் ஆறு வந்தது. தெற்குத் தெருவில் இருக்கிறவர்களுக்கு யாராவது ஒருவர் "குளத்தங்கரையில் கசிகிறது" என்று சாயங்காலமே போன் போட்டிருந்தால், தரையில் கிடந்த மூட்டையில் பாதியையாவது மாடிக்கு ஏற்றியிருப்பார்கள். குளத்தங்கரை ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. பஜாரில் யாரிடம் சொல்வது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. நம் சங்கத்துக்கு அப்படி ஒரு நம்பர் இருக்கவில்லை, இன்றும் இல்லை.

தண்ணீர் வடிந்த பிறகு நான் கடைக்குப் போனபோது ஷட்டர் திறக்கவில்லை. பூட்டு சேற்றில் இறுகிவிட்டது என்று நினைத்து எண்ணெய் விட்டுப் பார்த்தோம். பூட்டு திறந்தது, ஷட்டர் அசையவில்லை. ஆட்கள் கடப்பாரை போட்டு அடியில் ஒரு சாண் தூக்கியதும் உள்ளேயிருந்து கறுப்பு உளுந்து கொழகொழவென்று வெளியே வழிந்தது. பொங்கலுக்கு வாங்கி ஷட்டரை ஒட்டி அடுக்கிய உளுந்து மூட்டைகள் ஊறி உப்பி, சாக்கு வெடித்து, ஷட்டரை உள்ளிருந்து நெட்டித் தள்ளிக்கொண்டு நின்றிருந்தன. உடன்குடிக் கருப்பட்டி அடுக்கியிருந்த மூலையில் வெறும் ஓலைக் கொட்டான்கள் மட்டும் மிதந்து ஒதுங்கிக் கிடந்தன, கருப்பட்டி முழுக்கக் கரைந்து போயிருந்தது. ஃபிரீசர் கதவு மேலே பார்த்தபடி குறுக்கே விழுந்து கிடந்தது. அந்த நாற்றத்தை இந்த மடலைப் படிக்கிற எந்தக் கடைக்காரருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

சரக்கு போனதைவிடப் பற்று நோட்டு போனதுதான் எனக்குப் பெரிய அடி. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நீல மை முழுக்கப் பரவி, ஒரு பெயரைக்கூடப் படிக்க முடியவில்லை. பல குடும்பங்கள் தாங்களாகவே வந்து "எங்க கணக்கு இவ்வளவு இருக்கும், எழுதிக்கிடுங்க" என்று சொன்னார்கள். தங்கள் வீடும் மூழ்கிக் கிடந்த நேரத்தில் அப்படி வந்து சொன்ன மனிதர்களை நான் மறக்க மாட்டேன். வராதவர்களும் உண்டு, அவர்களையும் குறை சொல்ல முடியாது. வெளியே நிற்கிற கடன் பாக்கிக்குச் சாதாரணக் கடைக் காப்பீடு எதுவும் தராது. வாராவாரம் அந்த நோட்டைப் போனில் படம் எடுத்து வெளியூரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பி வைப்பது மட்டும்தான் அதற்கு இருக்கிற காப்பு. செலவே இல்லாத வேலை. இதைச் செய்யச் சொல்லி ஒரு சுற்றறிக்கைகூட இதுவரை சங்கத்திலிருந்து வரவில்லை.

காப்பீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பஜாரில் பாதிப் பேர் ஏமாந்து நின்றது அங்கேதான்.

நம்மில் சரக்கைக் காட்டி ஓவர்டிராஃப்ட், கேஷ் கிரெடிட் என்ற வங்கிக் கடன் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு வங்கியே சரக்குக்குக் காப்பீடு எடுத்து, பிரீமியத்தைக் கணக்கில் பிடித்துக்கொள்கிறது. பாஸ்புக்கில் ஒரு வரி வரும், அவ்வளவுதான். பாலிசி நகல் கைக்கு வருவதில்லை. வெள்ளத்துக்குப் பிறகுதான் பலர் அதை முதன்முறையாகப் பார்த்தார்கள். என் பக்கத்துக் கடைக்காரருக்குச் சரக்கில் முக்கால்வாசி பின் தெருக் குடோனில் இருந்தது. பாலிசியில் கடை முகவரி மட்டுமே இருந்ததால் குடோன் சரக்குக்கு ஒரு பைசா வரவில்லை. அவர் வருஷக்கணக்காகப் பிரீமியம் கட்டியவர். வங்கிக்கு மாதாமாதம் கொடுக்கிற ஸ்டாக் ஸ்டேட்மென்டில் குடோன் சரக்கையும் எழுதித்தான் கொடுத்தார். ஆனால் அது பாலிசியில் ஏறவில்லை, ஏறாததை அவரிடம் யாரும் சொல்லவும் இல்லை.

அடுத்தது காப்பீட்டுத் தொகை. வங்கி பெரும்பாலும் தன் கடன் தொகை அளவுக்குத்தான் காப்பீடு எடுக்கும், கடையில் இருக்கும் சரக்கு அதைவிட இரண்டு மடங்கு இருக்கலாம். எட்டு லட்ச ரூபாய் சரக்கு வைத்திருப்பவருக்கு நான்கு லட்சத்துக்குப் பாலிசி இருந்து, நான்கு லட்சத்துக்குச் சரக்கு நனைந்தால் நான்கு லட்சம் முழுதாக வரும் என்று நினைப்போம். வராது. பாதி மதிப்புக்குத்தான் காப்பீடு செய்திருக்கிறீர்கள், ஆகவே நஷ்டத்திலும் பாதி என்று இரண்டு லட்சம்தான் கணக்குப் போடுவார்கள். நஷ்டத்தை மதிப்பிட வந்த காப்பீட்டு சர்வேயர் இதைச் சொன்னபோது கடைக்காரர்கள் அவரோடு சண்டைக்குப் போனார்கள். பாலிசியில் உள்ள விதியைத்தான் அவர் சொன்னார். அந்த விதியை மழைக்கு முன்பே நமக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

சின்னக் கடைகளுக்கு நல்ல வழி ஒன்று இருக்கவே செய்கிறது. ஓர் இடத்தில் உள்ள சொத்து, சரக்கு மதிப்பு ஐந்து கோடிக்குள் இருக்கும் தொழில்களுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசியைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2021 ஏப்ரலில் ஏற்பாடு செய்தது. புயலும் வெள்ளமும் அதிலேயே அடங்கும். காப்பீட்டுத் தொகை உண்மை மதிப்பைவிட 15 சதவீதம் வரை குறைந்திருந்தால் அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். சங்கமாகச் சேர்ந்து ஒரு முகாம் நடத்தி, ஒவ்வொரு கடையின் பாலிசியிலும் முகவரி சரியா, குடோன் இருக்கிறதா, வெள்ளம் இருக்கிறதா, சரக்கோடு அலமாரி, ஃபிரீசர், தராசு எல்லாம் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டால் பெரும்பாலான பிரச்சினை அங்கேயே தீரும். தீ விபத்துக்கும் இதே பாலிசிதான் என்பதால் வெள்ளமே வராத வருஷத்திலும் இந்த வேலை வீண் போகாது.

நனைந்த சரக்கு விஷயத்திலும் நாம் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டோம். சர்வேயர் வந்து பார்க்கும்வரை எதையும் அப்புறப்படுத்தாதீர்கள் என்றது காப்பீட்டுக்காரர்கள் தரப்பு. நோய் பரவும், உடனே அள்ளுங்கள் என்றது சுகாதாரத் தரப்பு. இரண்டும் நியாயம். பாதை துண்டிக்கப்பட்டுச் சர்வேயரே வர முடியாத நாட்களில் ஒவ்வொரு கடைக்காரரும் தனித்தனியாகத் தவித்தார். சிலர் அள்ளிவிட்டு கிளெய்மை, அதாவது காப்பீட்டில் கேட்கிற நஷ்ட ஈட்டை, இழந்தார்கள். சிலர் அள்ளாமல் தெருவையே நாறடித்தார்கள் என்று அக்கம்பக்கத்தில் திட்டு வாங்கினார்கள். சங்கம் அன்று இரண்டு ஆட்களை அனுப்பி, கடை கடையாக வீடியோ எடுத்து, மூட்டைகளை எண்ணி, கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் ஒரு பட்டியலில் கையெழுத்து வாங்கியிருந்தால் கிளெய்ம் கேட்பவர் கையில் ஓர் ஆதாரமாவது இருந்திருக்கும். அந்த வாரம் சங்கக் கட்டடம் பூட்டியே கிடந்தது. நிர்வாகிகள் கடைகளும் மூழ்கின, உங்கள் வீடுகளும் மூழ்கின என்பதை நான் மறக்கவில்லை. அதனால்தான் வேலையை முன்கூட்டியே பிரித்துக் கொடுத்திருக்க வேண்டும் என்கிறேன். வெள்ளத்துக்கு நடுவில் யாராலும் உட்கார்ந்து யோசிக்க முடியாது.

"அரசாங்கம் பாத்துக்கிடும்" என்பது பொதுக்குழுவில் கேட்ட இன்னொரு வாதம். அரசாங்கம் என்ன பார்த்தது என்பதை நாம் அனுபவித்தோம். கடுமையாகப் பாதித்த வட்டங்களில் ரேஷன் கார்டுக்கு 6,000 ரூபாய் வந்தது. அது வீட்டுக்கு, அடுப்பு எரிய உதவியது, நன்றியோடுதான் வாங்கினோம். கடைக்கு என்ன? மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் விதிகளில் இடிந்த வீட்டுக்குத் தொகை உண்டு, அழிந்த பயிருக்கு உண்டு, செத்த மாட்டுக்கு உண்டு, மீனவர் படகுக்கும் வலைக்கும் உண்டு, கைத்தறி, கைவினைக்காரரின் கருவிக்கும் மூலப்பொருளுக்கும் உண்டு. மளிகைக் கடைக்கும் தையல் கடைக்கும் டீக்கடைக்கும் அதில் தலைப்பே இல்லை. சிறு வணிகர்களுக்குச் சலுகை வட்டியில் கடன் அறிவித்தார்கள். ஏற்கெனவே கடனில் வாங்கிய சரக்கு தண்ணீரில் போனவர், அதே சரக்கை வாங்க இன்னொரு கடன் எடுக்க வேண்டும். அதற்குக் கேட்ட ஜிஎஸ்டி சான்று, சிறுதொழில் பதிவுக்கான உத்யம் சான்று, வாடகை ஒப்பந்தம், உணவுப் பாதுகாப்பு உரிமம் எல்லாம் பலருக்குக் கல்லாப்பெட்டியோடு ஊறிப் போயிருந்தன.

விதியை மாற்றச் சொல்லி மாநில அளவில் போராட வேண்டியதுதான். மே 5 வணிகர் தினத்துக்கு வண்டி ஏற்பாடு செய்து ஆட்களைத் திரட்டிப் போகிற சங்கம் நம்முடையது. அங்கே இந்தக் கோரிக்கையையும் எடுத்துப் போங்கள். அது நிறைவேற வருஷங்கள் ஆகும், அதுவரை மழை வராமல் இருக்கப் போவதில்லை.

சங்கத்தில் இல்லாதவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பஜார் நடைபாதையில் பூ, கீரை, கருவாடு, பனங்கிழங்கு விற்கிற பெண்கள் நம் உறுப்பினர்கள் இல்லை. அவர்களிடம் பாலிசி இல்லை, ஸ்டாக் ஸ்டேட்மென்ட் இல்லை. சாயங்காலம் மீந்த சரக்கை நம் கடைத் திண்ணைகளில் கட்டி வைத்துவிட்டுப் போவார்கள். அன்று அது அத்தனையும் போனது. பலர் வாரவட்டிக்கு வாங்கித்தான் மறுபடி தரையில் சாக்கு விரித்தார்கள். அவர்கள் வராவிட்டால் நம் பஜாருக்குக் கூட்டம் வராது என்பது எல்லோருக்கும் தெரியும். சங்கம் போடுகிற எந்தத் திட்டத்திலும் அவர்களுக்கு இடம் வேண்டும்.

வளைவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஐம்பது வருஷம் ஒரு சங்கம் நடப்பது பெருமைதான், பெரியவர்கள் பெயரைக் கல்லில் பொறிப்பதிலும் தப்பில்லை. ஆனால் வைப்புத்தொகை முழுவதும் அதற்கே போய்விட்டால் இந்த மழைக்காலத்தில் ஒரு பம்புசெட் வாடகைக்கு எடுக்கக்கூடச் சங்கத்திடம் காசு இருக்காது. அந்தப் பணத்தில் நடைபாதைக்காரர்களைத் தவிர நம் எல்லோர் சந்தாவும் இருக்கிறது.

ஆகவே நிர்வாகிகளிடம் நான் கேட்பது இவை.

புரட்டாசி பிறப்பதற்குள் சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டி, வெள்ளக் குழுத் தீர்மானத்தை ஓட்டுக்கு விடுங்கள். வைப்புத்தொகையில் பாதியைப் பேரிடர் நிதி என்று தனிக் கணக்கில் போட்டு, பொதுக்குழு அனுமதி இல்லாமல் வேறு எதற்கும் தொடக்கூடாது என்று எழுதுங்கள். மீதிப் பாதியில் வளைவு எவ்வளவு உயரம் என்று முடிவு செய்துகொள்ளலாம்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு அலுவலகத்தோடும், நம்மைச் சுற்றியுள்ள ஒவ்வொரு குளத்தின் மடை பார்க்கிறவரோடும் பேச இரண்டு பேரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். அவர்கள் நம்பர் குளத்தங்கரை ஆட்கள் எல்லோரிடமும் இருக்க வேண்டும். 2023-இல் கரண்டும் செல்போன் டவரும் ஒன்றாகப் போனதால் வாட்ஸ்அப்பை மட்டும் நம்ப முடியாது. கோவில், பள்ளிவாசல், சர்ச் மூன்று இடத்து ஒலிபெருக்கிக்கும், பேட்டரி மைக் கட்டிய ஓர் ஆட்டோவுக்கும் இப்போதே பேசி வையுங்கள். ஒவ்வொரு தெருவிலும் 2023 தண்ணீர் நின்ற மட்டத்தில் நீலக் கோடு போடுங்கள். புதிதாகக் கடை எடுப்பவர் முதல் அலமாரித் தட்டை எங்கே அடிக்க வேண்டும் என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.

அக்டோபர் முதல் டிசம்பர் முடிய மேட்டுத் தெருவில் ஒரு பொதுக் குடோனை வாடகைக்கு எடுங்கள். பண்டிகைச் சரக்கில் உடனே விற்காததை அங்கே வைக்கலாம், வாடகையை மூட்டைக் கணக்கில் உறுப்பினர்கள் பகிர்ந்துகொள்ளலாம். நடைபாதைப் பெண்களுக்கு அங்கே ஒரு பகுதி இலவசமாக வேண்டும். எச்சரிக்கை வந்த ராத்திரி சரக்கை ஏற்ற லோடு ஆட்டோக்காரர்களோடு கூலியை முன்பே பேசி முடித்துவிடுங்கள். அன்றைக்குப் போய்ப் பேரம் பேச முடியாது.

வருஷாவருஷம் செப்டம்பரில் காப்பீட்டு முகாம் நடத்துங்கள். வங்கிகள் நம்மிடம் பிரீமியம் பிடிக்கும் பாலிசிகளின் நகலை ஒவ்வோர் உறுப்பினருக்கும் கொடுக்க வேண்டும் என்று சங்கத்தின் லெட்டர்பேடில் எழுதிக் கேளுங்கள். ஒரு கடைக்காரர் கேட்டால் நாளைக்கு வா என்பார்கள், சங்கமே கேட்டால் அப்படிச் சொல்வது கஷ்டம். முகாமுக்கு வருகிறவர்களின் உரிமங்களையும் சான்றுகளையும் அங்கேயே ஸ்கேன் செய்து அவரவர் போனிலும் வெளியூர் உறவினர் ஒருவர் போனிலும் சேமித்துக் கொடுக்க இரண்டு இளைஞர்களை உட்கார வையுங்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு எந்தக் கடை முதலில் திறக்க வேண்டும் என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். மருந்துக்கடை, பால், மளிகை, மாவு மில் இவற்றுக்குச் சங்க ஜெனரேட்டரும் பம்பும் முதலில் போகட்டும். மற்றவர்கள் அதற்குப் பிறகு. நான் மளிகைக்காரி என்பதற்காகச் சொல்லவில்லை, மருந்துக்கடை முதலில் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

கடைசியாக, பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இன்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பேரிடர் திட்டம் உண்டு, அதை வருஷந்தோறும் திருத்த வேண்டும். மாவட்ட ஆட்சியர்தான் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர். பஜார் கடைகளும் நடைபாதை வியாபாரிகளும் அந்தத் திட்டத்தில் சேர வேண்டும், அந்த ஆலோசனைக் கூட்டத்துக்கு நம் சங்கத்தைக் கூப்பிட வேண்டும் என்று மனு எழுதித் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் நேரில் கொடுங்கள். மனு எழுத ஆள் இல்லையென்றால் நான் எழுதித் தருகிறேன். மனு கொடுக்கப் போகிற அன்று கடையை அடைத்துவிட்டு உங்களோடு வரவும் தயார்.

சிறப்புப் பொதுக்குழு எந்தத் தேதியில் என்பதை இந்த மாதக் கடைசிக்குள் சங்க போர்டில் எழுதிப் போடுங்கள். கூட்டப் போவதில்லை என்றால் அதையும், அதற்கான காரணத்தையும் அதே போர்டில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஆற்றங்கரை பஜாரில் மளிகைக் கடை நடத்தும் உங்கள் சங்க உறுப்பினர்